தண்டவாளத்தைத் தொடைடா மாப்ளே

வா மாப்ளே. ஹால்ல சோபாவை ஓரங்கட்டிட்டு ரயில் விடப்போறியாமே? ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள எடுத்துருவேன்னு எங்க அக்காகிட்டச் சத்தியமும் பண்ணிட்டியாம். அவளும் நம்பிட்டா. என்கூடப் பொறந்தவதானே, பாவம்.

ரயில்வேயில கீமேன் வேலை பார்த்த மாமன் வீட்டுக்குள்ளயே இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. செல்போனுக்குள்ள ஒரு வெள்ளக்காரன்கிட்டக் கேட்டிருக்கே. சரி, கேக்காட்டியும் சொல்றதுதானே மாமன் வேலை.

ஒன் தண்டவாளத்தை அளந்து பார்த்தேன். எச்.ஓ.வாம், 87-ல ஒரு பங்காம். நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல வகுத்தா 19-க்கு மேல வரணும். இதுல 16.5-தான் இருக்கு. அது வெள்ளக்காரனோட 1435-க்குப் போட்ட கணக்கு. நம்மூர் எஞ்சினை இதுல ஏத்தினா சக்கரம் உள்ளவாங்கித்தான் நிக்கும். கேஜ் பிடிச்சே பழகுன கண்ணுக்கு உறுத்தும். ஒனக்கென்ன, நீ ஓட்டு.

விசயம் அதில்லை. பழைய பொட்டியில கரண்டைக் கூட்டினா ஓடும், குறைச்சா நிக்கும், 12 வோல்ட்டோட கதை முடிஞ்சுது. ஒன் புது டி.சி.சி. பொட்டியில தண்டவாளத்துல எப்பவும் முழுக் கரண்டு. சேதியும் அதுலயேதான் ஓடுது. ஜெர்மனியில லென்ஸ்னு ஒரு கம்பெனி செஞ்ச வேலை. அமெரிக்காவுல மாடல் ரயில்காரங்க சங்கம் 1990-கள்ல அதையே பொது விதியாக்கிருச்சு. இந்தப் பொட்டி நம்ம தண்டோராக்காரன் மாதிரிதான். தெரு பூராக் கத்துவான். ஆனா, "முத்தையா, வரி பாக்கி"ன்னா முத்தையா மட்டும்தான் தலையைச் சொறிவான்.

ஆனா கடையில வர்ற புது எஞ்சின் பூராவுக்கும் பேரு 3-ஆம் நம்பர்தான். ரெண்டு புதுசை ஏத்தி ஒண்ணைக் கிளப்பினா ரெண்டு முத்தையாவும் சேர்ந்து கெளம்புவான். நீயும் பேய் பிடிச்சிருச்சுன்னு அம்மாவைக் கூப்பிடுவே. ஒவ்வொண்ணாத் தனித் துண்டுல வச்சு வேற நம்பர் குடு. சேதியைப் படிக்கிற டீகோடர் இல்லாத ஒன் பழைய எஞ்சினை இதுல ஏத்தாதே. நின்ன எடத்துலயே ரீங்காரம் போட்டு மோட்டார் சூடாகிச் செத்துரும்.

கரண்டு ஒரு பக்கம் 58 மைக்ரோ செகண்டுல திரும்பினா ஒண்ணு, 100-ஐத் தொட்டா சைபர். சேதி பூராவும் அம்புட்டுத்தான். இவ்வளவு நுணுக்கமான சேதி ஒன் வீட்டுத் தண்டவாளத்துல எப்படிப் போகும்? மேல எண்ணெய்ப் பிசுக்கு, கீழே ஜமுக்காள நூல், அந்த நூலும் அச்சுல சுத்தி எஞ்சினையே இறுக்கும். பொட்டிக்குக் கொட்டிக் குடுத்தியே, தொடைக்க ஒரு துணி எடுத்தியா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கித் தொடை. எமரி தாளைத் தொட்டே, கைய ஒடிப்பேன். அது விட்ட கீறல்ல அழுக்கு குடியேறிரும். தரையில விரிக்காம ரெண்டு பிளைவுட் பலகை போட்டு மேல விரி. கூடவே ஒன் முதுகும் பொழைக்கும்.

ஜாயிண்டு மேல பாரத்தைப் போடாதே. ஒவ்வொரு ஜாயிண்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கரண்டைத் திங்கும். பொட்டியில இருந்து ஒத்த எடத்துக்கு வயர் இழுத்துட்டு, அந்தாண்ட கோடியில எஞ்சின் ஏன் தள்ளாடுதுன்னு கேக்காதே. நாலஞ்சு எடத்துல வயர் குடு. அப்புறம் ஒரு ரூபாக் காசை எடுத்து ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வை. பொட்டி டக்குன்னு கரண்டை நிறுத்தணும். எங்க வச்சாலும் நிறுத்தணும். நிறுத்தலேன்னா அந்த எடத்துக்கு வயர் பத்தலைன்னு அர்த்தம். காசைத் திருப்பி எடுத்துக்கோ, அது என்னுது.

வேடிக்கை என்னன்னா, எங்க ரயில்ல சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சாத்தான் சிக்னல்காரனுக்கு அங்க வண்டி நிக்கிறது தெரியும். ஒன் ரயில்ல இணைஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. அதான் சக்கரத்துக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சிருக்கான். நீ போட்டிருக்கிற படத்துல வண்டி போய்ச் சுத்தி வந்த வழியே திரும்புதே, அங்க இடது தண்டவாளம் போய் வலதுல முட்டும். அந்த வளையத்தை ரெண்டு பக்கமும் துண்டிச்சு, தானாத் திருப்புற கருவி ஒண்ணு வாங்கி மாட்டு. இல்லே, கழுதை, வளையமே வேணாம், வட்டத்தைப் போடு.

பிரிக்கிறப்ப ஜாயிண்டை நேரா உருவு, மேல தூக்கி வளைக்காதே. அக்கா பெருக்க வந்தா கரண்டை அமத்திட்டு எந்திரி. "ரெண்டு நிமிசம்மா"ன்னு இழுத்தே, ஜாயிண்டுத் தகடு ஒண்ணு விடாம வெளக்குமாத்தோட வாசலுக்குப் போயிரும். பொறுக்கித்தர என் முதுகு வளையாது.