நாறும் பீருக்கு நியாயம் உண்டா?

கேள்வி: பிரிட்டனில் கடையில் வாங்கிய பீர் நாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா? சுவை பிடிக்காவிட்டால்?

பதில்: கெட்டுப்போன பீர் என்றால் கிடைக்கும்; நாக்குக்குப் பிடிக்காத பீர் என்றால் சட்டம் துணைக்கு வராது. விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். கசப்பு தூக்கல் என்பது தரக்குறைவு ஆகாது.

நாற்றத்துக்குப் பல நேரம் வெளிச்சமே குற்றவாளி. ஹாப்ஸ் பூ தரும் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மம் உருவாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் வாடை அப்படியே அடிக்கும். பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும். பச்சை பாட்டில் அவ்வளவு காக்காது, நிறமற்றது இன்னும் மோசம். கேனுக்குள் வெளிச்சமே நுழையாது. ஆகவே பச்சை பாட்டிலை ஜன்னலோரம் அடுக்கி வெயில் காட்டும் கடைக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சில சமயம் ஆலையே சறுக்கும். அமெரிக்காவின் ஷ்லிட்ஸ் நிறுவனம் 1976-இல் பீர் தெளிவாக இருக்கச் சேர்க்கும் பொருளை மாற்றியது; பீரில் செதில் செதிலாக மிதந்தது. சுமார் 1 கோடி பாட்டில்களையும் கேன்களையும் அது திரும்பப் பெற நேர்ந்தது.

முழுவதும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலோடு சண்டைக்குப் போகாதீர்கள். மீதி பீரையும் ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள்.