ஆடுற மீட்டருக்கு ஆயிரம் வைத்தியம்

வாடா பேராண்டி! காக்களூர் எஸ்டேட்டுல ஷெட்டு புடிச்சு ஏரோப்ளேன் கட்டுறியாமே! உன் வயசுப் பசங்க வீடு கட்டுறான், நீ றெக்கை கட்டுற. கட்டு, கட்டு. 1910லயே மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்துன டி ஏஞ்சலிஸ் துரை, சிம்சன் பட்டறையில செஞ்ச விமானத்தைப் பல்லாவரத்துல பறக்கவுட்டாரு. ஓட்டல்காரரால ஆனது இன்ஜினியரால ஆகாதா?

ஆனா மீட்டரெல்லாம் நடுங்குதுன்னு கண்ட எடத்துல ரப்பர் புஷ்ஷா மாட்டுறியாமே. ரப்பர் கடைக்காரன் உன் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டப் போறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்ப்ரசர் கேஜைப் பாத்திருப்பே. உள்ள கிளிசரின் ஊத்தி முள்ளை அடக்கி வெச்சிருப்பான். ஆனா அடியில ஃபவுண்டேஷன் போல்ட்டு லூசா இருந்தா கிளிசரின் இன்னா பண்ணும்? மொதல்ல ப்ரொப்பெல்லரை பேலன்ஸ் பண்ணு. என்ஜின் மவுண்டு ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கான்னு பாரு. அப்பறம் பேனலுக்கு வா.

பேனலுக்கு ரப்பர் மெத்துமெத்துன்னு இருந்தாப் போதும்னு நெனைக்காத. ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 2400 சுத்து சுத்துனா, நொடிக்கு 40 உதறல். ரப்பர் மேல ஒக்காந்த பேனல் தன்னால ஆடுற வேகம் அதுக்கு ரொம்பக் கீழ இருக்கணும். ரெண்டும் ஒண்ணா சேந்துச்சுன்னா உதறல் அடங்காது, தெருக்கூத்தே ஆடும். அதனால மீட்டரோட சேத்து பேனலை எடை போடு. அந்த எடைக்குன்னு செஞ்ச மவுண்டை வாங்கு.

மவுண்டு போட்டுட்டு ஒயரையும் டியூபையும் வெறைப்பா இழுத்துக் கட்டுனா, கன்னுக்குட்டியை அவுத்துவுட்டு வாலைப் புடிச்சுக்கிட்ட கதைதான். கொஞ்சம் தொங்கல் வுடு. ரப்பர்ல கரண்டு பாயாது. பேனலுக்குத் தனியா எர்த் பட்டை போடு. திசைகாட்டிக்குப் பக்கத்துல இரும்பு ஸ்க்ரூ வேணாம், பித்தளை போடு. சுத்துற ஜைரோ வெச்சிருந்தா கவனம். உதறல்ல அதோட பேரிங் சீக்கிரம் போயிடும்.

அதுக்காக ஆட்டமே ஆகாதுன்னும் அடம்புடிக்காத. ஜெட் விமானத்துல அதிர்வு பத்தாம உயரம் காட்டுற முள்ளு ஒட்டிக்குதுன்னு, மீட்டருக்குள்ளயே குட்டி வைப்ரேட்டரை வெச்சான் வெள்ளைக்காரன். நீ காசு குடுத்து நிறுத்தப் பாக்குறதை அவன் காசு குடுத்து வாங்குனான்!

டிஜிசிஏ அனுமதி இல்லாம தரையை வுட்டு எழும்பக்கூடாதுன்னு உனக்கே தெரியும். அந்தக் காயிதம் கைக்கு வர்றதுக்குள்ள பேலன்ஸ் வேலையை முடி. ரப்பர் எங்கயும் ஓடிடாது.