வாயை மூடிப் பேசக் கற்றுக்கொள்

மூன்று வயதுப் பிள்ளைக்குத் ‘தகவல்தொடர்புத் திறன்’ வளர்க்கும் செயலி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பிள்ளை அரை மணி நேரம் வாயே திறக்காமல் திரையைத் தடவுகிறது. திறன் வளர்வதாக நம்புகிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்கு மரியாதை தரவில்லை. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் 12 அமர்வுகளில் ஒருவர் நேரில் விளையாட்டுக் காட்டி மாண்டரினில் பேசியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாடு அவர்களுக்குப் பிடிபட்டது. அதையே வீடியோவில் போட்டபோது பலன் பூஜ்யம். இதே நம்பிக்கையில் பெற்றோர் வாங்கிய ‘பேபி ஐன்ஸ்டீன்’ குழந்தை வீடியோ வட்டுகளுக்கு 2009-இல் டிஸ்னி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பெற்றோருக்குப் பணம் கிடைத்தது, ஐன்ஸ்டீன்தான் கிடைக்கவில்லை.

அப்படியானால் திரையே பகையா? இல்லை. வீடியோ அழைப்பில் தம் பேச்சுக்குப் பதில் சொல்பவரிடமிருந்து இரண்டு வயதுப் பிள்ளைகள் புதுச் சொல் கற்றதாகவும் ஆய்வு உண்டு. வேண்டியது பதில் பேச ஓர் ஆள். சொப்புச் சாமான் பரப்பிக் கடை போட்டால் போதும்: ஒருவர் விலை குறைக்கச் சொல்வார், மற்றவர் மறுப்பார், முதலாமவர் கடன் கேட்பார், பழைய பாக்கி நினைவூட்டப்படும். விற்பது மணல்தான், பேரம் அசல். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஆனால் சோறு ஊட்டும்போது ஒரு விடுகதை போடத் தனி நேரம் தேவையில்லை. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளை கொஞ்ச நேரம் வாயை மூடியிருக்கட்டும் என்றுதான் பலரும் செயலி வாங்குகிறார்கள். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது. விளம்பரத்தில்தான் அதைப் போட மறந்துவிட்டார்கள்.