கிடைக்காத கடிதத்துக்குக் கிடைத்த ஆதாரம்

காங்கேசன்துறையில் படையினர் வசமுள்ள காணியின் விடுவிப்புக் கேட்டு எழுதிய சனத்துக்கு நன்கு பழகிய பதில் ஒன்று உண்டு: "உங்கட கடிதம் எங்களுக்குக் கிடைக்கேல்லை." 2023 இல் அந்தப் பதிலுக்கு முதல் தடவையாகத் தொழில்நுட்ப ஆதாரம் வாய்த்தது. ஒகஸ்ட் 26 அன்று கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பைப் பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் அகப்பட்டன. அமைப்பை விரைவாக எழுப்பிவிட்டார்கள். மே 17 முதல் அன்றுவரையான மடல்கள் மட்டும் எழும்பவில்லை. அந்தக் காலத்துக்கு, இணைப்பிலிருந்து கழற்றி வேறாக வைத்த பிரதி இல்லை.

காசில்லை என்பார்கள். உண்மைதான், 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மின்னஞ்சல் மென்பொருளைப் புதுப்பிக்க நிதி இல்லாமற் போனதென்றே விளக்கம் வந்தது. ஆனால், பிரதியெடுத்த வன்தட்டின் வயரைக் கழற்றி அலுமாரியில் வைக்கச் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லையே! மேகத்தில் கிடந்தால் பத்திரம்தானே என்பது அடுத்த வாதம். மின்னஞ்சல் அமைப்பில் 'ஐமேப்' என்று தெரிவுசெய்தால் உங்கள் கணினியில் இருப்பது வழங்கியின் நிழல். அங்கே அழிந்தது இங்கேயும் அழியும். 'பொப்' என்றால் மடல் கணினிக்கே இறங்கிவிடும். கணினியைத் துடைத்து மீளநிறுவும்போது அதுவும் சேர்ந்து போகும். எதைத் தெரிவுசெய்தாலும் தனிப்பிரதி ஒன்று வேண்டும். ஆகவே காணிக்கு எழுதுகிறவர்கள் மின்னஞ்சலோடு நிற்காமல் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கோ; பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கோ.