டிராக்டர் எதுக்கு மாப்ளே?

வாரும் மாப்ளே. முதல்ல அந்த வடக்கயித்தைக் கீழ போடும், தேரா இழுக்கப் போறீரு? காரு குளத்துக்கரையில நிக்கி, டிராக்டர்ல கட்டி கயத்தாறு வரைக்கும் இழுத்து விட்டாப் போதும்ங்கீரு. டிராக்டர் சும்மாதான் கெடக்கு, டீசலும் இருக்கு. ஆனா தரமாட்டேன். பொண்ணைக் குடுத்த மனுசன் டிராக்டரைக் குடுக்க மாட்டேங்கானேன்னு மொறைக்காதேயும்.

30 வருசம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். நம்ம கெணத்து மோட்டார்ல காந்தம் கெடையாது. கரண்டு இல்லாம சுத்திவிட்டா அது பாட்டுக்குச் சுத்தும், நிக்கும். உம்ம பேட்டரி காரு மோட்டார்ல காந்தத்தையே பதிச்சு வச்சிருக்கான். சைக்கிள் டைனமோ பாத்திருப்பீரே? டயர் உரசுச்சுன்னா லைட்டு எரியும். காரைக் கட்டி இழுத்தாலும் அதே கூத்துதான். என்ன, லைட்டுக்குப் பதிலா உம்ம பணம் எரியும்.

“நியூட்ரல்ல போட்டிருதேன் மாமா”ங்கீரு. நல்ல யோசனை, பெட்ரோல் காரா இருந்தா. அதுல நியூட்ரல்னா பல்லு விலகி நிக்கும், சக்கரம் ஒரு பக்கம், இஞ்சின் ஒரு பக்கம். உம்ம காருல விலகுததுக்குக் கிளச்சும் கெடையாது, மாத்துததுக்குக் கியரும் கெடையாது. சக்கரமும் மோட்டாரும் கோத்தது கோத்ததுதான், பஞ்சாயத்து வச்சாலும் பிரியாது. நியூட்ரல்ங்கது திரையில தெரியுத வெறும் எழுத்து வே! சக்கரம் ஒரு சுத்து சுத்தினா உள்ள மோட்டார் எட்டு ஒம்பது சுத்து சுத்தும். வேகம் ஏற ஏற அங்க பொறக்குத வோல்ட்டு பேட்டரி வோல்ட்டையே தாண்டி, இன்வெர்ட்டர் டயோடு வழியாப் பாயும். சூட்டைத் தணிக்கிற தண்ணி பம்பும் அப்ப ஓடாது. பெறவு ஒரு வாசம் வரும் பாரும். அந்தக் கருகல் வாசத்துலதான் நான் பொழச்சேன், நீரு பொழைக்க முடியாது.

காரோட குடுத்த புஸ்தகத்தைப் பிரிச்சீரா? பிளாஸ்டிக் உறையே கிழியலையே. நிசான் லீஃப் காருல மோட்டார் சுத்துதது முன்சக்கரத்தை. முன்பக்கத்தைத் தூக்காம இழுக்காதேன்னு அவன் அச்சடிச்சே குடுத்திருக்கான். டெஸ்லாக்காரன் இன்னும் கண்டிப்பு: நாலு சக்கரமும் தரையில படக்கூடாது, தட்டு லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும். ஏத்துததுக்காக உருட்டலாம், அதுவும் 10 மீட்டருக்குள்ள, மணிக்கு 8 கிலோமீட்டருக்குள்ள. 10 மீட்டர்னா நம்ம திண்ணையில இருந்து மாட்டுத்தொழுவம். கயத்தாறு எப்ப மாப்ளே தொழுவத்துக்குள்ள வந்துச்சு?

சரி, காரு ஏன் நின்னுச்சு, அதைச் சொல்லும். திரை இருட்டு, சாவிக்குக் கதவும் மசியலையா? நேத்து ராத்திரி சோத்துல கை வச்சுக்கிட்டே 60 சதவீதம் சார்ஜ் இருக்குன்னு பீத்தினீரே, ஒரே ராத்திரியில யாரு குடிச்சுட்டுப் போனா?

ஒருத்தரும் குடிக்கல. பெரிய பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல வச்சுக்கிட்டு உள்ள படுத்துதான் கெடக்கும். அதை எழுப்பிவிடுதது ஒரு சின்ன 12 வோல்ட்டு பேட்டரி. சின்னவன் படுத்துட்டான்னா பெரியவரும் எந்திரிக்க மாட்டாரு, நம்ம வீட்டு நெலவரம் மாதிரி. அவன் இல்லாம பார்க்கிங் பிரேக்கும் விடாது. நீரு கயித்தைக் கட்டியிருந்தா சக்கரம் உருண்டே இருக்காது, கயத்தாறு வரைக்கும் ரப்பர்ல கோடு போட்டுக்கிட்டுப் போயிருப்பீரு. ஊரே பின்னாடி வந்து பாத்திருக்கும்.

அந்த ஸ்பேனரை எடும். டிராக்டரைத்தான தரமாட்டேன்னேன்? அதோட பேட்டரியும் 12 வோல்ட்டுதான், கழத்தி சைக்கிள்ல வச்சு உருட்டிக்கிட்டு வாரும். சிவப்பு வயரு பிளஸ்ல, நான் மாட்டுதேன். ஆரஞ்சுக் கலர் வயரு கண்ணுல பட்டா கையைப் பின்னாடி கட்டிக்கிடும், மகளுக்கு நான் பதில் சொல்லணும். அப்பவும் கண்ணு முழிக்கலைன்னா தட்டு லாரிக்குப் போன் போடும். வாரதுக்குள்ள உம்ம அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டிருவா.