நிலவு நேரலையில் கார்ட்டூன் ஏன்?

கேள்வி: சந்திரயான்-3 இறங்கும்போது உண்மை வீடியோவைக் காட்டாமல் கார்ட்டூன் ஓட்டியது ஏன்?
- வாசகர், கல்லடி

பதில்: 2023 ஓகஸ்ட் 23 மாலை திரையில் ஓடியது, விண்கலம் அனுப்பிய உயரம், வேகம் ஆகிய எண்களை வைத்துக் கணினி வரைந்த படம். கமரா எடுத்த அசல் காட்சியை இஸ்ரோ மறுநாள் வெளியிட்டது. எண்கள் பொடி மீன்; எந்தக் கண்ணியிலும் நுழையும். வீடியோ திமிங்கிலம். வாவி எவ்வளவு பெரிதானாலும் கடலுக்கு வழி ஒடுங்கிய முகத்துவாரம்தானே? விண்கலத்தின் ரேடியோவும் அப்படித்தான்.

நிலவிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் கடந்து வரும் சமிக்ஞை மெலிந்து நூலாகிவிடும். அதைப் பிடிக்க பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் 32 மீற்றர் அகல அன்டெனா நிற்கிறது. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் அதே வித்தை; துடுப்புதான் சற்றுப் பெரிது.

லேசர் வந்தால் வழி அகலும். 2023 டிசெம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம், 3.1 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து செக்கனுக்கு 267 மெகாபிட் வேகத்தில் உயர்தர வீடியோ அனுப்பியது. அதில் கதாநாயகன் ஒரு பூனை. ஆனால் லேசருக்கு முகில் ஆகாது. எனவே, மாரி மழை கொட்டும் மட்டக்களப்பில் அதற்கொரு நிலையம் வருமென்று கல்லடி வாசகர் காத்திருக்க வேண்டாம்.