முகப்பில் யார் இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் கடைக்கு இணையதளம் தொடங்குகிறோம். முகப்பில் நிறுவனர் படம், ஓடும் எழுத்து, வரவேற்பு இசை எல்லாம் உண்டு. வருகிறவர்கள் மனம் குளிர வேறென்ன வைக்கலாம்?

பதில்: வைப்பது இருக்கட்டும், முதலில் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். பிரிட்டன் அரசு 2012-ல் அதைத்தான் செய்தது. பழைய தளங்களை ஓரங்கட்டிவிட்டு கவ்.யூகே என்ற தளத்தைத் திறந்தது. அதில் பொது விடுமுறைப் பக்கத்துக்குப் போனால் அமைச்சர் கைகூப்பிச் சிரிக்க மாட்டார். அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது பெரிய எழுத்தில் முதலில் நிற்கும்; முழுப் பட்டியல் அதற்குக் கீழேதான். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டங்கள். தட்டினால் முடிந்தது. 1950-ல் பிறந்த பெரியவர் ஆண்டுப் பட்டியலை உருட்டி உருட்டி விரல் தேய வேண்டியதில்லை.

பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்பீர்கள். லண்டன் டிசைன் மியூசியம் 2013-ல் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அந்த மொட்டைக்குத்தான் கொடுத்தது!

ஆகவே நிறுவனரை உள்பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் இடத்தில் முகவரி, தொலைபேசி எண், கடை திறக்கும் நேரம் மூன்றையும் போடுங்கள். இசையை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அலுவலக நேரத்தில் ரகசியமாக உங்கள் கடையைப் பார்ப்பவர் மேலாளரிடம் மாட்டிக்கொள்வார்.